மதிலோரக் காற்றில் ஈயம்

காற்றை அளந்து பட்டம் வாங்குவது லேசுப்பட்ட காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காற்று கண்ணில் படாது, கருவி சொன்ன பேச்சு கேட்காது, பேராசிரியர் கையில் சிக்கமாட்டார். மூன்றையும் சமாளித்து இரண்டே வருஷத்தில் வெளியே வந்தாள் சின்னவள். சுற்றுச்சூழல் மாசு அறிவியலும் கண்காணிப்பும் என்று ஒரு முதுகலைப் படிப்பு. அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல அவள் அக்காவுக்குக் கடைசிவரை வரவில்லை. யார் கேட்டாலும் "காத்துப் படிப்பு" என்று சொல்லி முடித்துவிடுவாள்.

அக்கா வீட்டில் தங்கித்தான் படித்தாள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று இருந்த ஒரே கூரை அது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, பின்னால் துணி காயப்போடக் கையகல இடம். கூடத்தில் ஒரே ஒரு மேசை. சாப்பாடும் அதில்தான், இஸ்திரியும் அதில்தான், அக்கா மகள் சிட்டு கலர் பென்சிலால் கிறுக்குவதும் அதில்தான். சிட்டுவுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. ஏழெட்டு வார்த்தைக்கு மேல் பேச்சு வரவில்லை. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள், தட்டைத் தள்ளிவிடுவாள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று எதிர்வீட்டுக்காரி தீர்ப்புச் சொன்னாள். சில பிள்ளைகள் லேட்டாகத்தான் பேசும் என்று டாக்டர் சொன்னார். இரண்டையும் கேட்டு அக்கா தலையாட்டிவிட்டு வந்தாள்.

அத்தானுக்கு ஈயப் பட்டறையில் வேலை. ஓய்ந்துபோன பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உலையில் உருக்கிப் பாளமாக்குகிற இடம். உலைக்கு அவர்தான் மேஸ்திரி. நல்ல மனுஷன். கொழுந்தியாளைப் படிக்க வைப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாரே தவிர ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. "என்ன விஞ்ஞானி, இன்னிக்கு எத்தனை கிலோ காத்து பிடிச்சே?" என்று கேட்டுக்கொண்டேதான் வீட்டுக்குள் வருவார். வந்ததும் சிட்டு ஓடிப்போய் அவர் மேல் ஏறிக்கொள்வாள். அவர் சட்டை மாற்றுவதற்குள் பாதி நாள் அப்பா தோளிலேயே தூங்கியும் போவாள்.

ஆய்வுக்குத் தலைப்பு கொடுத்தவர் அவளுடைய கைடு. எதைக் கேட்டாலும் "சராசரி என்ன சொல்லுது?" என்று திருப்பிக் கேட்கிறவர் என்பதால் மாணவர்கள் அவருக்குச் சராசரி என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஈயப் பட்டறையின் மதிலை ஒட்டிய தெருவில், ஜனங்கள் மூச்சு விடும் காற்றில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று அளக்க வேண்டும். அத்தானுடைய பட்டறைதான். அளக்கும் கருவிக்கு நாள் முழுக்கக் கரண்ட் வேண்டும். நடுத்தெருவில் கரண்டுக்கு எங்கே போவது? அத்தான்தான் மேனேஜரிடம் நயந்து பேசி, காவலாளி அறையிலிருந்து ஒரு ப்ளக் பாயிண்ட் வாங்கிக் கொடுத்தார். மேனேஜர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. ஆராய்ச்சி முடிந்ததும் தனக்கு ஒரு பிரதி வேண்டும்.

வேலை இதுதான். உள்ளங்கையில் அடங்கும் வட்டமான வெள்ளை வடிதாள் ஒன்றை ஒரு மூடியில் பொருத்திக் கருவியில் மாட்ட வேண்டும். கருவி நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சித் தாள் வழியாக இழுக்கும். காற்றில் இருக்கும் தூசி தாளில் படியும். பிறகு அந்தத் தாளை அமிலத்தில் கரைத்து ஆய்வுக்கூடக் கருவியில் விட்டால், எவ்வளவு ஈயம் என்று அது சொல்லும். ஆனால் தாளைத் தொட்டு எடுத்துப் பொருத்தும்போதே கொஞ்சம் அழுக்குச் சேரலாம் அல்லவா? அந்தப் பழியைக் காற்றின் தலையில் போடக் கூடாது. அதற்காக ஒவ்வொரு தடவையும் ஒரு தாளைச் சும்மா கூட்டிக்கொண்டு போவார்கள். மற்றத் தாள்கள் பட்ட பாடெல்லாம் அதுவும் படும். காற்று மட்டும் அதன் வழியாக இழுக்கப்படாது. அதற்குப் பெயர் பிளாங்க். பிளாங்கில் எவ்வளவு ஈயம் ஏறியிருக்கிறதோ அதை மற்றத் தாள்களின் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். நல்ல முறைதான், குறை சொல்ல முடியாது.

காலை ஷிப்ட் தொடங்குவதற்கு முன்பே கருவி ஓட ஆரம்பிக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆய்வுக்கூடத்தை யார் திறந்து வைத்திருப்பார்கள்? அதனால் தாள்களை வீட்டிலேயே, கூடத்து மேசையில் வைத்துப் பொருத்துவாள். மேசையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைப்பாள். கையுறை போடுவாள், தாளை இடுக்கியால்தான் தொடுவாள். சிட்டுவை மேசைப் பக்கமே அண்டவிடமாட்டாள். முதலில் பிளாங்கை எடுத்துத் திறந்து வைப்பாள், மற்ற எல்லாம் பொருத்தி முடிகிறவரை அது திறந்தே கிடக்கும். இருக்கிற அழுக்கில் அதிகமான அழுக்கு பிளாங்கின் மேல் விழட்டும், அப்போதுதான் பட்டறையின் மேல் அநியாயமாகப் பழி விழாது என்பது அவள் கணக்கு. இப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை. அவளுடைய நேர்மை சொன்னது.

அதே நேரத்தில் அத்தானும் வேலைக்குக் கிளம்புவார். முந்தின நாள் கழற்றிப் போட்ட பட்டறைச் சட்டையை அக்கா ஆணியிலிருந்து எடுத்து, படுக்கையறை வாசலில் நின்று பட் பட்டென்று நாலு உதறு உதறி அவர் கையில் கொடுப்பாள். துவைப்பது வாரத்துக்கு ஒரு தடவை. சின்னவளுக்கு முதுகுப்பக்கம் நடந்த காரியம் இது. அவள் கவனமெல்லாம் இடுக்கி முனையில் இருந்தது.

முடிவுகள் வந்தபோது பிளாங்கிலேயே ஈயம் எக்கச்சக்கமாக இருந்தது. மதிலோரம் நாள் முழுக்கக் காற்றை இழுத்த தாளில் இருந்ததும், சும்மா போய் வந்த தாளில் இருந்ததும் கிட்டத்தட்ட ஒன்று. கைடிடம் ஓடினாள்.

"கை சுத்தம் போதாது," என்றார் சராசரி, கண்ணாடியைக் கழற்றாமலே. "எல்லாருக்கும் நடக்கிறதுதான். கழிச்சிடு."

"கழிச்சா ஒண்ணுமே மிஞ்சலையே சார்."

"மிஞ்சலைன்னா இல்லைன்னு எழுது. இல்லைங்கறதும் ஒரு ரிசல்ட்தாம்மா."

"ஒரு வாரம் மட்டும் பிளாங்க் சுத்தமா வந்திருக்கு சார். அந்த வாரம் கழிச்சா மதிலோரத்துல ஈயம் நிறையத் தெரியுது."

அவர் பிளாங்குகளின் வரைபடத்தைப் பார்த்தார். எல்லாப் புள்ளிகளும் மேலே கூட்டமாக நிற்க, ஒன்று மட்டும் கீழே தனியாகக் கிடந்தது. அதன் மேல் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டார்.

"ஊரெல்லாம் ஒரு பக்கம் நிக்குது, இது மட்டும் தனியா நிக்குது. இதுலதான் ஏதோ கோளாறு. தூக்கிடு. சராசரி என்ன சொல்லுதோ அதை எழுது."

தூக்கிவிட்டாள். எதிர்த்துப் பேச அவளிடம் காரணம் எதுவும் இல்லை. சமர்ப்பிக்க வேண்டிய தேதி வேறு கழுத்தை நெரித்தது. "பட்டறை மதிலோரக் காற்றில் குறிப்பிடத்தக்க அளவில் ஈயம் கண்டறியப்படவில்லை" என்று முடிவுரை எழுதினாள். வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், பிளாங்கை இவ்வளவு ஒழுங்காகக் கழித்த மாணவர்களைப் பார்ப்பதே அரிது என்று புகழ்ந்துவிட்டுப் போனார். அவளுக்கு உச்சி குளிர்ந்தது. மேனேஜருக்குத் தர வேண்டிய பிரதியை அத்தானே, மழையில் நனையாமல் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பட்டம் வாங்கிய கையோடு அதே துறையில் அவளுக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தாள் பொருத்தச் சொல்லித்தர வேண்டும். அந்தப் பிள்ளைகள் கையுறையோடு மூக்கைச் சொறிந்தார்கள், தாளைக் கீழே போட்டு எடுத்தார்கள், ஒருவன் தாளின் மேலேயே தும்மினான். அவர்களுடைய பிளாங்கைக் கருவியில் விட்டபோது பளிச்சென்று வந்தது. ஈயம் மருந்துக்கும் இல்லை.

சின்னவள் அந்த முடிவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்தத் தடியன்கள் கையை விடவா என் கை அழுக்கு? முதலில் ரோஷம்தான் வந்தது. பயம் அதற்குப் பிறகு வந்தது. கை இல்லையென்றால் வேறு என்ன? அதே தாள், அதே இடுக்கி, அதே ஸ்பிரிட். இடம் மட்டும் வேறு. கைடு குறுக்குக் கோடு போட்ட அந்த ஒரு வாரம் நினைவுக்கு வந்தது. அக்காவும் அத்தானும் சிட்டுவைத் தூக்கிக்கொண்டு அத்தானுடைய தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரம் அது. வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். சட்டை உதற ஆள் இல்லை. அவள் படித்த படிப்பில், அவள் அளந்த அத்தனையிலும் உண்மையைச் சொன்னது அந்த ஒன்றுதான். அதைத்தான் தூக்கிப் போட்டிருந்தாள்.

மறுநாள் யாருக்கும் தெரியாமல் ஈரத் துடைதாள்களைக் கொண்டுபோய் வீட்டைத் துடைத்து எடுத்தாள். மேசை விளிம்பு, சட்டை மாட்டும் ஆணிக்குக் கீழே தரை, அத்தான் சட்டையின் தோள்பட்டை, சிட்டுவின் தலையணை. ஒப்பிட்டுப் பார்க்கப் பட்டறையின் வெளிமதிலிலும் ஒரு துடை துடைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் ஆய்வுக்கூடக் கருவியில் விட்டுப் பார்த்தாள். சட்டையில் அதிகம் இருக்கும் என்பது தெரிந்ததுதான். அதற்கு அடுத்தபடி இருந்தது மதில் இல்லை. தலையணை.

ஆய்வுக்கூடத்தின் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். இரண்டு வருஷம் தெருக் காற்றைப் பிடிக்க அலைந்தவள், தன் மடியில் உட்கார்ந்து வயிறு வலிக்கிறது என்று அழுத பிள்ளையைப் பார்க்கவில்லையே. ஈயம் சிறு பிள்ளைகளை என்ன செய்யும் என்று முதல் பருவத் தேர்விலேயே ஒரு பக்கத்துக்கு எழுதி முழு மார்க் வாங்கியிருந்தாள். வயிற்று வலி, பசியின்மை, பேச்சுத் தாமதம். வரிசையாக, அடிக்கோடு போட்டு.

கைடிடம் போனாள். சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், பிளாங்க்தான் ரொம்ப நேரம் திறந்து கிடந்தது. வீட்டுத் தூசி மத்த தாளைவிட அதுலதான் அதிகம் விழுந்திருக்கு. கழிக்க வேண்டியதுக்கு மேல கழிச்சிட்டேன். முடிவுரை தப்பு. திருத்தணும்."

"எதை வச்சுத் திருத்துவே? பிளாங்க் தப்புன்னா உன் டேட்டா மொத்தமும் தப்பு. பட்டறைல ஈயம் இல்லைன்னும் சொல்ல முடியாது, இருக்குன்னும் சொல்ல முடியாது. பட்டமும் போகும், வேலையும் போகும், என் பேரும் கெடும்." கொஞ்சம் இறங்கி வந்தார். "வீட்டுத் தூசி உன் தலைப்புலயே இல்லம்மா. வீட்டைச் சுத்தமா வச்சுக்கோ. அதோட விடு."

அதோடு விட அவளால் முடியவில்லை. அன்று சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடமும் அத்தானிடமும் போட்டு உடைத்துவிட்டாள். சட்டையில் வருவது என்ன, உதறினால் என்ன ஆகிறது, சிட்டுவுக்கு ஏன் பேச்சு வரவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"என் சட்டையா?" என்றார்.

"சட்டை, முடி, செருப்பு, எல்லாந்தான் அத்தான். இனிமே பட்டறையிலேயே குளிச்சிட்டு, வேற துணி மாத்திட்டு வாங்க. சிட்டுவுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கணும்."

"அங்க குளிக்க ஏது இடம்? கை கழுவ ஒரு குழாய் இருக்கு. அதுலயும் பாதி நாள் தண்ணி வராது."

அக்கா சிட்டுவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ரத்தமெல்லாம் எடுக்க விடமாட்டேன். ஊசின்னாலே பிள்ளை நடுங்குது. நான் உதறிக் கொடுத்த சட்டையால என் பிள்ளைக்குக் கேடுன்னு சொல்றியா?"

"உன்மேல தப்பு சொல்லலக்கா."

"வேற யாரைச் சொல்றே?"

அத்தான்தான் நடுவில் புகுந்தார். "இரு. அவ படிச்சவ, சும்மா சொல்லமாட்டா. நாளைக்கே மேனேஜர்கிட்ட கேட்கிறேன். குளிக்க இடம் கட்டிக் கொடுங்கன்னு கேட்கிறேன். பிள்ளை விஷயம்." அன்று அவர் சிட்டுவைத் தூக்கவில்லை. அவள் கையை நீட்டிக்கொண்டு வந்தபோது பின்னால் நகர்ந்துகொண்டார். என்ன ஏதென்று புரியாமல் பிள்ளை அழுதது. அவருக்கும் கண் கலங்கியது. சின்னவளுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. இந்த மனுஷன் சொன்னால் சொன்னதுதான், நாளைக்குள் பாதி வழி தாண்டிவிடலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் அத்தான் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் இனிப்புப் பொட்டலம். முகமெல்லாம் சிரிப்பு.

"விஞ்ஞானி! என்னைக் கொன்னுட்டியே நேத்து. ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்ல எனக்கு."

"என்ன சொன்னாங்க அத்தான்?"

"என்ன சொல்றது? கேட்டதும் மேனேஜர் சிரிச்சார். என்னைக் கையோட தன் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனார். சுவத்துல மாட்டியிருக்காங்க, பார்க்கணுமே! உன் பேர் போட்ட பக்கம், கண்ணாடி ஃப்ரேம் போட்டு. சோதனை பண்ண வர்ற ஆபீசருங்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டுறாங்களாம். மேஸ்திரி, உங்க வீட்டுப் பொண்ணே வருஷக்கணக்கா அளந்து பார்த்து ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கு, அப்புறம் என்ன பயம்னு கேட்டார். எனக்கு வெட்கமாப் போச்சு. வாசிச்சுக் காட்டச் சொன்னேன். நீ எழுதினதுதான். ஈயம் கண்டறியப்படவில்லை."

அக்கா விட்ட பெருமூச்சு தெருவுக்கே கேட்டிருக்கும். "அப்பாடா" என்றாள். மடியிலிருந்த சிட்டுவை இறக்கிவிட்டாள். பிள்ளை நேரே அப்பாவிடம் ஓடியது. அவர் அதை வாரி எடுத்து, முந்தின நாள் தூக்காததற்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். சிட்டு அவர் தோள்பட்டையில் கன்னத்தை வைத்து அழுத்தினாள்.

"அத்தான், பிள்ளையை இறக்குங்க. நான் எழுதினது தப்பு."

"போதும், விடு. பெரிய பெரிய புரொபசருங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க. எல்லாரும் முட்டாளா?"

"நான் தப்பாக் கழிச்சிட்டேன் அத்தான். அங்க ஈயம் இருக்கு. உங்க சட்டையில இருக்கு. இந்தா, இவ தலையணையில இருக்கு. தயவுசெஞ்சு இறக்குங்க!"

சொல்லிக்கொண்டே பிள்ளையின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். சிட்டு அப்பா சட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு வீறிட்டாள். "ப்பா, ப்பா" என்றாள். அவளுக்கு வரும் ஏழெட்டு வார்த்தையில் அது ஒன்று. அக்கா எழுந்து வந்து தங்கையின் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதே என் பிள்ளையை."

"அக்கா, நான் சொல்றதைக் கேளு. அந்த முடிவுரை பொய்."

"பொய்யா?" அக்கா குரலை உயர்த்தவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. "உன்னைப் படிக்க வைக்கணும்னு இந்த மனுஷன் லீவு நாள்லயும் உலை முன்னாடி நின்னாரு. நீ எழுதினதை வேதமா நினைச்சு மார்போட அணைச்சுக் கொண்டுபோய்க் கொடுத்தாரு. அது பொய்யின்னா, இப்ப நீ சொல்றது மட்டும் உண்மைன்னு நான் எதை வச்சு நம்பணும்?"

அத்தான் அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த, அதைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே கூடத்தில் இங்கும் அங்கும் நடந்தார். அழுத களைப்பில் அது அங்கேயே தூங்கிப்போனது. வாய் திறந்திருந்தது. சட்டைத் துணி எச்சிலில் நனைந்துகொண்டிருந்தது.